இது கோடு கச்சேரிச் சங்கதி இல்லை, அம்மா

அன்புள்ள அம்மா,

முதலில் பயத்தை விடுங்கள். வேலை தரும் நிறுவனத்திடமிருந்து உங்கள் மகனுக்கு, அதுதான் தம்பிக்கு, வந்த மின்னஞ்சலில் 'கோர்ட்' என்று இருப்பதால் வழக்குமில்லை, பொலிசுமில்லை. "தி போல் இஸ் நவ் இன் யுவர் கோர்ட்", அதாவது 'பந்து இப்போது உங்கள் பக்கம்', என்பது டெனிஸிலிருந்து வந்த பேச்சு. அங்கே கோர்ட் என்றால் ஆடுகளம். எதிராளி அடித்த பந்து உங்கள் பக்கம் வந்தால் ஒரு தரம் நிலத்தில் குத்தலாம். இரண்டாம் தரம் குத்துவதற்குள் திருப்பி அடிக்காவிட்டால் புள்ளி அவருக்கு.

டெனிஸ் பார்த்திராவிட்டாலும் கரப்பந்து பார்த்திருப்பீர்கள். பந்து வலையைத் தாண்டி வந்த பிறகு, "அவன் எடுப்பான்" என்று ஆளையாள் பார்த்துக்கொண்டு பெடியள் நிற்க, நடுவில் அது பொத்தென்று விழுமே, உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. நிறுவனம் வேலைக் கடிதத்தை அனுப்பிவிட்டது. வருகிறேன், இல்லை என்று சொல்ல வேண்டியது தம்பி. அவரோ கொழும்பிலிருந்து கோல் வரும் என்று ஒன்பது நாளாகப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கோபத்தில் எழுதினார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அலுவலகங்களில் சாதாரணமாகச் சொல்வதுதான். ஆனால் தம்பி அதையே அவர்களுக்குத் திருப்பி எழுதக்கூடாது. இளையவர் மேலதிகாரிக்குச் சொன்னால், 'நான் செய்தாச்சு, மிச்சம் உங்கள் பாடு' என்ற தொனி வந்துவிடும்.

நேர்முகத் தேர்வில் 'போல்பார்க் ஃபிகர்' கேட்டதும் இந்த மாதிரித்தான். அது அமெரிக்காவின் பேஸ்போல் மைதானத்திலிருந்து வந்தது. எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள், உத்தேசமாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தம்பி தனக்கு கிரிக்கெட்தான் தெரியும் என்றாராம்! பரவாயில்லை, சிரித்துவிட்டு வேலையும் தந்திருக்கிறார்களே.

சரி, தம்பி பதில் போடத் தாமதிப்பதற்கு உண்மையான காரணம் வெட்டுப்புள்ளி, அதாவது பல்கலைக்கழகத்துக்கு எடுபடத் தேவையான ஆகக்குறைந்த புள்ளி, என்று நினைக்கிறேன். பல்கலைக்கழக அனுமதியில் உங்கள் முல்லைத்தீவுக்கு மாவட்ட ஒதுக்கீட்டோடு, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத இடங்களிலும் பங்குண்டு. அதனால் அவர் நம்பிக்கையோடு இருப்பதில் தவறில்லை. ஆனால் விண்ணப்பம் போட்டாயிற்று. அந்தப் பந்து இப்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பக்கம். அது திரும்பி வர மாதங்கள் எடுக்கும். அதைக் காரணம் காட்டி இந்தப் பந்தை விடலாமா? வேலையில் சேர்ந்த பிறகு அனுமதி கிடைத்தால், முறையாக அறிவித்தல் கொடுத்து விலகலாம்.

ஆகவே இன்றைக்கே பதில் போகட்டும். தங்குமிடம் பார்க்க அவகாசம் வேண்டுமென்றால் அதையும் கேட்கலாம். "சொரி ஃபோர் தி டிலே. மே ஐ கன்ஃபர்ம் பை ஃப்ரைடே?" (தாமதத்துக்கு மன்னிக்கவும், வெள்ளிக்கிழமைக்குள் உறுதிசெய்யலாமா?) இரண்டு வரி போதும், நீட்ட வேண்டாம்.

கடிதத்தில் இத்தனை மாதம் கட்டாயம் வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் காசு கட்ட வேண்டும் என்று ஏதும் இருக்கிறதா? இருந்தால் கையொப்பம் வைக்க முதல் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.