நான்கு பெட்டிகள் – ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

தேர்தலில் தோற்றவர்களில் சிலருக்குச் சமூகக் கணக்குப் பார்த்துச் சட்டமன்ற இடம் தருகிற பெஸ்ட் லூசர் முறையை எடுத்துவிட வேண்டும், எந்தச் சமூகம் என்று வேட்பாளரை அரசு கேட்கவே கூடாது என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். இருபது வருடமாகக் கோயில் கமிட்டியில் இருப்பவன் நான். மொரீஷியஸில் நாம் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. எண்ணிக்கை இருக்கும்வரைதான் நம்மை மதிப்பார்கள். கணக்கே வேண்டாம் என்றால் கரைந்துபோவோம். அதையும் ஊரறியப் பேச வேண்டுமா? நமக்குள் பேசிக்கொள்ளக் கூடாதா? காவடிக்கு வருகிறீர்கள், வாழையிலையில் ஏழு கறி சாப்பிடுகிறீர்கள், பிறகு மதம் வேறு அரசியல் வேறு என்கிறீர்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள ஐயா,

ஏழு கறியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாப்பிட்டேன், வருகிற தைப்பூசத்துக்கும் வருவேன். முருகன் விஷயத்தில் நமக்கு ஒத்துப்போகாது, கறி விஷயத்தில் ஒத்துப்போகிறது. கோயில் கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. வேட்புமனுவில் இருக்கும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதினேன்.

வெளிநாட்டு வாசகர்களுக்காக அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் சட்டமன்றத்துக்கு 62 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அதற்குமேல் 8 இடம் வரை, தோற்றவர்களில் நன்றாக வாக்கு வாங்கியவர்களுக்குப் போகும். எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைகிறது என்று பார்த்து அந்த இடங்களை நிரப்புவார்கள். அதற்காக ஒவ்வொரு வேட்பாளரும் இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், பொதுப் பிரிவு என்ற நான்கில் ஒன்றை எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் மனு செல்லாது. ஒருவருடைய வாழும் முறையைப் பார்த்தால் முதல் மூன்றில் எதிலும் சேராதவராகத் தெரிந்தால் அவர் பொதுப் பிரிவு என்கிறது அரசியலமைப்பு. வாழும் முறை என்றால் என்ன? மீன் குழம்புக்குப் புளி ஊற்றுகிறோமா இல்லையா என்று பார்ப்பார்களா?

இந்த நான்கில் தமிழர் எங்கே, ஐயா? எங்குமில்லை. கோயிலுக்குப் போகிற தமிழன் இந்துப் பெட்டியில். மாதா கோயிலுக்குப் போகிற தமிழன் பொதுப் பெட்டியில். என் பெரியப்பா கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கியவர். அவர் பிள்ளைகள் பொதுப் பிரிவு. சாமியே கும்பிடாத நான் இந்து. இரண்டு வீட்டிலும் கொதிப்பது ஒரே பாட்டி சொல்லிக்கொடுத்த ரசம். இந்துப் பெட்டி இருப்பதிலேயே பெரியது. ஆள் குறைகிற சமூகத்துக்குத்தான் இடம் என்பதால், அந்தப் பெட்டியில் கிடக்கிற நமக்கு பெஸ்ட் லூசர் இடம் வருவது அரிது. நீங்கள் காவல் காக்கிற கதவுக்குப் பின்னால் நம் வீடே இல்லை.

எண்ணிக்கை என்கிறீர்கள். எந்த ஆண்டு எண்ணிக்கை? 1972. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமூகத்தைக் கேட்பதை 1982இல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இடம் ஒதுக்க இன்றுவரை 1972இன் கணக்கைத்தான் புரட்டுகிறார்கள். இத்தனை பழைய கணக்கை வைத்துக்கொண்டு வேட்பாளரைச் சமூகம் சொல்லச் சொல்வது தன்னிச்சையானது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. சமூகம் சொல்லாமலும் நிற்கலாம், ஆனால் பெஸ்ட் லூசர் இடம் கிடையாது என்றது. அடுத்த தேர்தலில் பழையபடி அதே கேள்வி.

இந்த முறைக்கு ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொன்னால் பொய்யாகும். 1967 தேர்தலில் நூற்றுக்கு 44 வாக்கு சுதந்திரத்துக்கு எதிராக விழுந்த நாடு இது. சுதந்திரத்துக்குச் சில வாரம் முன்பு தலைநகர் போர்ட் லூயியில் கலவரம் மூண்டு பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. பயந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்த உத்தரவாதம் இது. இன்னொன்றும் உண்டு. 1982, 1995, 2024 மூன்று தேர்தலிலும் மொரீஷியஸ் தீவின் 60 இடங்களையும் (62இல் மிச்ச இரண்டும் ரொட்ரிக்ஸ் தீவுக்கு) ஒரே அணி அள்ளிக்கொண்டு போனது. எதிர்க்கட்சி என்று உட்கார நாலு முகம் கிடைத்தது பெஸ்ட் லூசரால்தான். அதைச் சமூகம் கேட்காமலும் செய்யலாம். வாக்கு விகிதப்படி இன்னும் 30 பேரைச் சேருங்கள் என்று தேர்தல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த சாக்ஸ் ஆணையம் 2002இலேயே சொல்லிவிட்டது. அது காகிதத்திலேயே கிடக்கிறது.

பெட்டி போட்டு எண்ணி எண்ணி நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்று பாருங்கள். மதச் சபைகளுக்கு அரசு தலைக்கணக்குப் பார்த்து ஆண்டு மானியம் தருகிறது. கணக்கெடுப்புப் படிவத்தில் மதம் என்ற இடத்தில் நம்மவர்கள் ‘தமிழ்’ என்று எழுதுகிறார்கள். மொழியை மதமாக்கிவிட்டோம். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். தமிழ் இருப்பது கோயிலில் என்பதால் இது இயல்பாகக்கூடத் தோன்றும். ஆனால் மதம் தமிழ் என்று எழுதியதுமே என் பெரியப்பா வீடு மொத்தமும் நம் கணக்கிலிருந்து போய்விட்டது. கரைந்துபோவோம் என்று பயப்படுகிறீர்களே, கரைப்பது இந்தக் கணக்குத்தான்.

ஊரறியப் பேச வேண்டுமா என்று கேட்டீர்கள். 1998இல் வந்த புது ரூபாய் நோட்டுகளில் இந்தி எழுத்தைத் தமிழுக்கு முன்னால் போட்டார்களே, அப்போது நாம் நமக்குள்ளேயா பேசிக்கொண்டோம்? தெருவில் நின்று கத்தினோம். நானும் நின்றேன், அதில் எனக்கு வெட்கமில்லை. நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், 1999இல் தமிழை முன்னால் வைத்து மறுபடி அச்சடித்தார்கள். சிறிய கூட்டத்துக்கு வேறு என்ன பலம் இருக்கிறது? (அந்த நோட்டுகளிலும் சமூகத்துக்கு ஒரு முகம் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். நூறு ரூபாயில் நம் தமிழ் அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன். பழக்கம் எங்கே விடும்!)

‘நமக்குள்’ என்பதும் எனக்கு உறுத்துகிறது. அந்த ‘நமக்குள்’ யார் யார்? உங்கள் கமிட்டி அறையில் எத்தனை பெண்கள் உட்காருகிறார்கள்? என் பெரியப்பா மகளைக் கூப்பிடுவீர்களா? உள்ளே பேசித் தீர்த்த விஷயம் எல்லாம் உள்ளே இருந்தவர்களுக்குச் சாதகமாகத்தான் தீர்ந்திருக்கிறது. நானும் ஆண்தான், அந்தச் சாதகத்தில் எனக்கும் பங்கு வந்திருக்கிறது.

சொன்னபடி உங்கள் பெயரைப் போடவில்லை. கமிட்டியில் உங்களுக்குச் சங்கடம் வரும் என்று புரிகிறது. நம்பாதவனோடு எழுத்தில் வாதாடியதே சிலருக்குக் குற்றமாகப் படலாம். காவடி முடிந்து பந்தியில் உட்காரும்போது உங்கள் பக்கத்து இலையை எனக்குப் போடச் சொல்லுங்கள். மிச்சத்தை அங்கே பேசலாம், எதிர்வரிசைக்கும் கேட்கும்படி.