தம்பி கேட்ட கேள்வி

வணக்கம் சார். என் தம்பிக்கு இருமுனைக் கோளாறு. ஒன்பது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான், வேலைக்கும் போகிறான். போன வாரம் டிவியில் ‘3’ படம் பார்த்துவிட்டு, “கடைசியில எனக்கும் இதுதானாக்கா?” என்று கேட்டான். எனக்கு வாயே வரவில்லை. தீராத நோயில் கிடப்பவர் சாவைக் கேட்டால் கருணை என்கிறோம். மனநோய்க்கும் அது பொருந்துமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை, அவனுக்கு அது முடிவு இல்லை. இதை இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

2012-ல் வந்த அந்தப் படத்தில் ஒன்று மட்டும் உண்மை. இருமுனைக் கோளாறுள்ள கதாநாயகன் ராம் தன் நோயை மனைவி ஜனனியிடம் மறைக்கிறான், நண்பனுக்குத்தான் தெரியும். கல்யாணம் நின்றுவிடுமோ, வேலை போய்விடுமோ என்று மாத்திரை அட்டையை ஒளித்து வைக்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. ஆனால் படம் அந்த மறைப்பையே காதலாக்கி, அவளைக் காப்பாற்றத்தான் அவன் தற்கொலை செய்துகொண்டான் என்று நம்மை அழவைக்கிறது. ஜனனியிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை. இருமுனைக் கோளாறு என்றால் எந்நேரமும் உருவங்கள் தெரிவதும் அடிதடியும் இல்லை. சில வாரம் தூக்கமே வேண்டாத உற்சாகம், சில வாரம் படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வு, முற்றிய நிலையில் சிலருக்குப் பிரமைகளும் வரலாம், நடுவில் மாதக்கணக்கில் எல்லாரையும் போல இருப்பார்கள். லித்தியம் என்ற மருந்து இதற்குப் பயன்படும் என்று 1949-லேயே தெரிந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிற உங்கள் தம்பி மாதிரி ஒரு கதாநாயகனை நான் தமிழில் பார்த்ததில்லை.

அப்புறம் கருணை. 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, மீள வழியில்லாதவருக்குச் சிகிச்சையை நிறுத்துவதைத்தான். அதையும் தெளிந்த மனதோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். ஊசி போட்டுக் கொல்வதற்கு இங்கே இடமில்லை. மனச்சோர்வில் வருகிற சாகும் எண்ணமோ பெரும்பாலும் நோயின் அறிகுறி, சிகிச்சையில் தணியக்கூடியது. அதனால்தான் 2017 மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு, தண்டிக்காமல் அவரைப் பராமரிக்கும் கடமையை அரசுக்குக் கொடுக்கிறது. நெதர்லாந்து, பெல்ஜியத்தில் மனநோய்க்கும் கருணைக்கொலை அனுமதி உண்டு. ஆனால் வேறு வழியே இல்லை என்று மருத்துவர்கள் தீர்மானித்த பிறகுதான். சினிமாவில் கருணைக்கொலையும் தற்கொலையும் ஒரே சோக இசையில் கரைந்துவிடுகின்றன.

முடிந்தால் அவனோடு உட்கார்ந்து ‘கே.டி. (எ) கருப்புதுரை’ பாருங்கள். தலைக்கூத்தல் செய்ய, அதாவது எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முதியவரைச் சாகடிக்கும் பழைய வழக்கப்படி செய்ய, வீட்டில் முடிவெடுத்தது காதில் விழுந்ததும் அந்தப் பெரியவர் எழுந்து வீட்டை விட்டுப் போய்விடுகிறார், இன்னும் என்னவெல்லாம் ஆசை என்று ஒரு சின்னப் பையன் அவரிடம் கேட்கிறான்.

ஆனால் படத்துக்கு முன்னால் டாக்டர். தம்பி கேட்ட கேள்வியை அதே வார்த்தைகளில் அவரிடம் சொல்லுங்கள். அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.