ஒரு ஜாக் மட்டும் ஏறாவிட்டால்

உங்கள் டிரக் கேம்பரை (டிரக் முதுகில் ஏற்றிவைக்கும் தங்கும் கூடு) தூக்கும் மோட்டார் கால்களான ஜாக்குகளில் மூன்று ஏறுகின்றன, முன் வலது மட்டும் ‘டிக்’ என்று நின்றுவிடுகிறது என்கிறீர்கள். ‘டிக்’ வருவதால், மோட்டாருக்கு மின்சாரம் திறந்துவிடும் ரிலேவுக்கு சிக்னல் போகிறது. மோட்டாரை மாற்ற அவசரப்படாதீர்கள்.

முதலில் கேம்பரை டிரக் மேலேயே உட்காரவைத்து, அந்தக் காலில் பாரமே இல்லாமல் செய்யுங்கள். அந்தரத்தில் நிற்கும் கேம்பருக்கு அடியில் தயவுசெய்து யாரும் போகவேண்டாம். பிறகு சுவிட்சை அழுத்தியபடியே மோட்டார் வயர் இரண்டிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் அளவுக்கு வந்தும் சுற்றவில்லையென்றால் மோட்டார் பழுதாகியிருக்கலாம், கியர் சிக்கியும் இருக்கலாம். 10-க்குக் கீழே சரிந்தால் நான் கனெக்டரைத்தான் சந்தேகிப்பேன். மழைநீர் இறங்கிப் பச்சைக்களிம்பு பிடித்திருக்கும். சுரண்டிச் சுத்தம்செய்து, ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடுங்கள்.

அந்த ஜாக்கைக் கைப்பிடி போட்டும் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உள்திருகு காய்ந்திருக்கலாம், கால் வளைந்தும் இருக்கலாம். வளைந்த காலில் மறுபடி பாரம் ஏற்றாதீர்கள். வோல்ட் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.