எனக்குப் பிடித்த இயக்குநர், எனக்குப் பிடிக்காத படம்

வணக்கம் மேடம்,

வயது 29, கோவையில் வேலை. சொன்னால் சிரிப்பீர்கள், என் பிரச்சினை ஒரு சினிமா.

காலேஜ் ஹாஸ்டலில் ஒரே லேப்டாப் முன்னால் நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' பார்த்த ராத்திரியிலிருந்து, அதை எடுத்த கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ எனக்குக் கடவுள் மாதிரி. கடைசி ஷாட்டில் ஹீரோ சோங் காங் ஹோ நேராக நம்மைப் பார்ப்பாரே, அன்றைக்குத் தூக்கமே இல்லை. 2020-ல் 'பாரசைட்' நான்கு ஆஸ்கர் வாங்கியபோது, வீட்டு விசேஷம் போல ஆபீசில் ஸ்வீட் கொடுத்தேன்.

அடுத்த படம், 'மிக்கி 17', 2025 மார்ச்சில்தான் வந்தது. ஆறு பேருக்கு என் காசிலேயே டிக்கெட் போட்டுக் கூட்டிப் போனேன். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. அந்த அரசியல்வாதி பாத்திரம் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட் சீனியர் அண்ணன் வாயைப் பிளந்து தூங்கிவிட்டார். அவர் கையிலிருந்த பாப்கார்ன் டப்பா சரிந்து என் மடியில் கொட்டியது. வெளியே வந்ததும், "இதுக்கா தம்பி இவ்வளவு பில்டப்பு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "உங்களுக்குப் புரியல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். இப்போதும் லிஃப்டில் பார்த்தால், "தூக்கம் வரமாட்டேங்குது, கொரியன் படம் ஏதாவது இருக்கா?" என்கிறார்.

பழைய படங்களைப் போடவே பயமாக இருக்கிறது. அவையும் சுமார்தானோ, நான்தான் ஏமாந்துவிட்டேனோ என்று. இது ஏதாவது மனநோயா?

*

நோயெல்லாம் இல்லை. நான் சிரிக்கவும் இல்லை.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். படத்தைப் பற்றி இரண்டே வரி. தூங்கிய அண்ணன், கொட்டிய பாப்கார்ன், லிஃப்ட் கிண்டல் எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. எங்கே வலிக்கிறது என்று நீங்களே தொட்டுக் காட்டிவிட்டீர்கள்.

'நல்ல படம் எதுன்னு இவனுக்குத் தெரியும்' என்ற பெயர் உங்களுக்கு முக்கியம். அதைக் கொண்டுபோய் ஒரு இயக்குநரின் தோளில் ஏற்றிவிட்டீர்கள். அவர் சறுக்கினால் உங்கள் பெயரும் சேர்ந்து விழுகிறது. போதாததற்கு, பிடிக்காத படத்துக்காக "உங்களுக்குப் புரியல" என்று சண்டை வேறு. அந்தப் பொய்தான் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது.

2000-ல் வந்த அவருடைய முதல் படம் கொரியாவில் ஓடவில்லை. நீங்கள் தூக்கம் தொலைத்த படம் 2003-ல்தான் வந்தது. 'மிக்கி 17' எட்வர்ட் ஆஷ்டன் எழுதிய நாவலை வைத்து ஹாலிவுட் பணத்தில் எடுத்தது. ஹாஸ்டல் லேப்டாப்பில் பார்த்த கொரிய வயல்வெளியை அங்கே போய்த் தேடினால் எப்படி? எனக்கென்னவோ படம் பிடித்திருந்தது. சாவதையே வேலையாக வைத்திருக்கிற அந்த அப்பாவி... சரி, அதை விடுங்கள்.

பழைய படம் ஒன்றை ஒரு நாள் தனியாகப் போடுங்கள். போரடித்தால் பாதியில் நிறுத்துங்கள். நாலு பேர் தலை முட்டிய அந்த ராத்திரி நடக்காமல் போய்விடாது. தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால் மட்டும் நேரில் ஒருவரைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. அடுத்த முறை லிஃப்டில் அந்த அண்ணன் ஆரம்பித்தால், "எனக்கும் பிடிக்கலண்ணே" என்று சொல்லிப் பாருங்கள்.