பூரி ஏன் உப்புது என்று கேட்கும் மகளுக்கு

'தெரியலையே கண்ணு, செஞ்சு பாப்போமா?' என்று சொல்லிவிடுங்கள். ஏழு வயது மகள் பூரி ஏன் உப்புது என்று ஓயாமல் கேட்கிறாள், பதில் தெரியாமல் அதட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்கு விளக்கத்தைவிட அந்த ஒரு வரிதான் முதலில் வேண்டும்.

காரணம் நீராவி. எண்ணெயில் பட்டதும் மாவின் மேற்புறம் சட்டென்று இறுகிவிடும். உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் இரண்டு பக்கத்தையும் பிரித்துத் தள்ளும். ஆனால் இதை உடனே சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு பூரி தேய்த்து, ஒன்றில் மட்டும் அவளையே முள்கரண்டியால் பத்துப் பதினைந்து இடத்தில் குத்தச் சொல்லுங்கள். எது உப்பும் என்று அவளே முன்கூட்டிச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். குத்திய பூரி பெரும்பாலும் தட்டையாகவே கிடக்கும். 'அப்போ ஒரே ஒரு ஓட்டை போட்டா?' என்று அடுத்து கேட்பாள் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். அதையும் போட்டுப் பாருங்கள், ஒரு உருண்டை மாவு போனால் போகட்டும்.

சுடுவது நீங்கள்தான், எண்ணெய்ப் பக்கம் அவள் வரக்கூடாது. எண்ணெய் சரியாகக் காயாவிட்டால் இரண்டுமே உப்பாமல் போய் அவள் குழம்பிவிடுவாள். காலை அவசரத்தில் கேட்டால், கேள்வியைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைக்கச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் எடுங்கள்.