1896 பம்பாய் பிளேக்கின்போது மக்கள் மருத்துவமனையையே தாக்கியது ஏன்?

அறியாமை என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அக்டோபரில் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கிய ஆலைத் தொழிலாளர்கள் கண்ணால் கண்டது என்ன? உள்ளே கொண்டுபோகப்பட்ட பிளேக் நோயாளிகளில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. அன்று அந்நோய்க்கு மருந்தே கிடையாது; பலர் சாகும் தறுவாயில்தான் வந்து சேர்ந்தார்கள். வாசலில் காத்து நிற்கும் மனைவிக்கு இதை யார் சொன்னார்கள்? விக்டோரியா அரசியின் சிலைக்குத் தார் பூசியதற்குப் பழிவாங்க நோயாளிகளின் இதயத்தை எடுக்கிறார்கள் என்ற வதந்திகூட நம்பப்பட்டது.

1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து சோதித்தார்கள். நெறி கட்டியிருக்கிறதா என்று பெண்களைப் பிறர் பார்க்கச் சோதித்ததாகப் புகார்கள் எழுந்தன. எவ்வளவு பெரிய அவமானம் அது! ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார்.

அதே ஆண்டு ஜனவரியில் பம்பாயில் நுண்ணுயிரியல் அறிஞர் ஹாஃப்கின் தாம் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். பிறகு பலர் தாமாகவே முன்வந்து போட்டுக்கொண்டார்கள். அவர்களை இழுத்துவர எந்தப் படையும் தேவைப்படவில்லை.