டெபியன் தானியங்கி நிறுவலில், ப்ரீசீட் கோப்பில் எழுதிவைத்த மொழி, விசைப்பலகை, கணினிப் பெயர் ஆகியவற்றை நிறுவி ஏன் பொருட்படுத்துவதில்லை?

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தின் பழைய கணினிகள் பதினெட்டில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ முனைந்தபோது, இதே சிக்கலில் இரண்டு முழு நாள்களை இழந்தவன் நான். நிறுவல் நிரலான நிறுவி கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதிவைத்த ப்ரீசீட் கோப்பு, உள்பிணையத்தில் ஒரு வழங்கியில் இருந்தது. நிறுவி அதை எடுத்துச் சென்றதற்கான பதிவும் வழங்கியில் விழுந்திருந்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு கணினியும் மொழியையும் விசைப்பலகையையும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தது. பெயரையும் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொண்டது. வரிகளில் எழுத்துப்பிழை இருக்கும் என்று நம்பிக் கோப்பையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன்.

உண்மையில் என் விடைகள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. ப்ரீசீட் கோப்பை மூன்று வழிகளில் கொடுக்கலாம்: துவக்கத்தில் ஏறும் இனிட்ஆர்டி படிமத்துக்குள் வைப்பது, நிறுவல் வட்டிலோ யுஎஸ்பியிலோ வைப்பது, பிணைய முகவரியிலிருந்து எடுக்கச் சொல்வது. முதல் வழியில் வைத்த கோப்பு எந்தக் கேள்விக்கும் முன்பே படிக்கப்படுகிறது. மூன்றாம் வழியிலோ, பிணையம் அமைந்த பிறகுதான் கோப்பு கைக்கு வரும். மொழி, விசைப்பலகை, பிணைய அமைப்பு ஆகிய மூன்றும் அதற்குள் கேட்டு முடிக்கப்பட்டிருக்கும். ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தாலும் தலைஞாயிற்றுக் கடைமடைக்குத் தண்ணீர் அன்றைக்கே வந்துவிடுவதில்லை என்பதை அறிந்த ஊர்க்காரனுக்கு இது முன்னமே உறைத்திருக்க வேண்டும்.

ஆகவே துவக்க வரியில் (நிறுவி துவங்கும்போதே அதற்குக் கொடுக்கும் கட்டளை வரி) ‘ஆட்டோ=ட்ரூ’, ‘பிரையாரிட்டி=கிரிட்டிக்கல்’ என்ற இரண்டையும் கோப்பின் முகவரியோடு சேர்த்துக் கொடுங்கள். முதலாவது, மொழி, விசைப்பலகைக் கேள்விகளைக் கோப்பு வந்து சேரும்வரை ஒத்திப்போடும். இரண்டாவது, முக்கியத்துவம் குறைந்த கேள்விகளைத் திரைக்கு வராமல் தடுக்கும். இவை வேண்டாமென்றால் கோப்பை இனிட்ஆர்டிக்குள் வைத்துவிடலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வரியை மாற்ற ஒவ்வொரு முறையும் படிமத்தைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

கணினிப் பெயரின் கதை வேறு. ‘நெட்சிஎஃப்ஜி/கெட்_ஹோஸ்ட்நேம்’ என்ற விடையை நீங்கள் கொடுத்தாலும், டிஎச்சிபி (கணினிகளுக்குப் பிணைய முகவரியைத் தானாக வழங்கும் சேவை) ஒரு பெயரைத் தந்தால் அதற்கே முன்னுரிமை. உங்கள் விடை கேள்வியைத் தடுப்பதற்கு மட்டும் பயன்படும். உங்கள் பெயர்தான் நிற்க வேண்டுமென்றால் ‘கெட்’ இல்லாத ‘நெட்சிஎஃப்ஜி/ஹோஸ்ட்நேம்’ என்பதைப் பயன்படுத்துங்கள். பிணையம் அமையும்போதே தேவைப்படுவது என்பதால் அதையும் துவக்க வரியிலேயே எழுதுவது நல்லது. எங்கள் மையத்தில் இந்த ஒரு மாற்றத்தோடு பெயர்க் குழப்பம் தீர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறையை மட்டும் நிறுவி கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குக் காரணம் முழுக்க என் அழகுணர்ச்சி. ஒவ்வொரு வரியிலும் உரிமையாளர், கேள்வி, வகை, மதிப்பு என நான்கு பகுதிகள் உண்டு. வகைக்கும் மதிப்புக்கும் நடுவில் ஒரே ஓர் இடைவெளிதான் இருக்கலாம், அதற்கு மேல் விட்டவை மதிப்பின் பகுதியாகவே கொள்ளப்படும். நானோ, மதிப்புகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டுமென்று அங்கங்கே இரண்டு மூன்று இடைவெளிகள் விட்டிருந்தேன். வேறொரு டெபியன் கணினியில் ‘டெப்கான்ஃப்-செட்-செலக்‌ஷன்ஸ்’ கட்டளையைச் சரிபார்ப்பு விருப்பத்தோடு ஓட்டினால் வடிவப் பிழைகள் தெரியும். மிகுதியான இடைவெளியை அது குறையாகச் சொல்லாது என்பதால் அதை நம் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் நிறுவுவது உபுண்டு 20.04 அல்லது அதற்குப் பிந்தைய லைவ் சர்வர் என்றால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அந்த நிறுவி ப்ரீசீட்டைப் படிப்பதே இல்லை. யாமல் என்ற உரை வடிவிலான ஆட்டோஇன்ஸ்டால் கோப்பைத்தான் எதிர்பார்க்கும்.

எந்த விடை எங்கே தவறியது என்று அறிய, உரைவழி நிறுவியில் ஆல்ட்டும் எஃப்4-உம் அழுத்தினால் பதிவேடு ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். நிறுவல் முடிந்துவிட்டால் அதே பதிவேடு புதிய கணினியின் ‘/வார்/லாக்/இன்ஸ்டாலர்’ அடைவில் கிடைக்கும். கோப்பு எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்ற வரியை முதலில் தேடுங்கள். உங்கள் கேள்வி அதற்கு முன்பே கேட்கப்பட்டிருந்தால் கோப்பைத் திருத்திப் பயனில்லை, துவக்க வரியைத் திருத்துங்கள்.